இவர் பங்கு வாங்கிய மலை

ரொறன்ரோவுக்கு வெளியே விட்பியில் மகளின் குடும்பத்தோடு நாங்கள் வந்து சேர்ந்த பிறகு எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவது ஸ்காபரோவில் நான் வேலை செய்த முதியோர் இல்லத்தின் சமையலறை. நிலத்துக்குக் கீழே, யன்னல் இல்லாத அறை. பாத்திரம் கழுவும் இயந்திரம் காலையிலிருந்து இரைந்துகொண்டே இருக்கும். அங்கே நின்ற காலத்தில் எப்போது ஓய்வுபெறலாம் என்று ஏங்கியவள்தான் நான். இப்போது காலையில் மகளும் மருமகனும் கார்களில் போனபின் தெருவில் ஓர் ஆளும் தெரியாது. அந்த நேரங்களில் அந்த இரைச்சலும், அதற்கு மேலால் எனக்குக் கேட்கும்படி கத்திக் கதைத்த என் சிநேகிதியும் நினைவுக்கு வருவார்கள்.

அவள் ஒன்ராறியோவின் வடக்கே, ரொறன்ரோவிலிருந்து ஒரு பகல் முழுவதும் கார் ஓடினாலும் போய்ச் சேரமுடியாத ஓர் ஏரிக்கரையில் பிறந்தவள். வெள்ளைக்காரர் 'இந்தியர்' என்று அழைத்துவந்த இந்த நாட்டின் பூர்வகுடிகளில் ஒஜிப்வே இனத்தவள். கணவரின் வைத்தியத்துக்காக நகரத்துக்கு வந்து, அவர் இறந்த பிறகும் வேலையை விட மனமில்லாமல் தங்கிவிட்டாள். என்னைவிடச் சில வயது மூப்பு.

வேலையின் முதல்நாள் அவள்தான் எனக்குத் தட்டுகள் அடுக்கக் காட்டிக்கொடுத்தாள். இடையில் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ இந்தியனோ?" என்று கேட்டாள்.

"இல்லை. ஸ்ரீலங்கா. தமிழ்."

"என்னையும் இவ்வளவு காலமா அப்பிடித்தான் கூப்பிட்டவை. நானும் இல்லை" என்றாள்.

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் கையிலிருந்த தட்டுகள் குலுங்கச் சிரித்தேன். நாங்கள் பேசியது ஆங்கிலம்தான். இருவருக்குமே பிறகு வந்து ஒட்டிக்கொண்ட மொழி. ஆனால் அவள் சொன்னவை எனக்குள் தமிழில்தான் தங்கியிருக்கின்றன. அப்படியே எழுதுகிறேன்.

மெல்ல முடியாதவர்களுக்கு அங்கே எல்லா உணவையும் அரைத்துக் கொடுப்போம். அரைத்த கரட்டை கரட் வடிவ அச்சில் ஊற்றி, திரும்பவும் கரட் மாதிரியே செய்து தட்டில் வைக்கவேண்டும். அவளுக்கு அதைக் கண்டால் சிரிப்பு அடங்காது. "இவ்வளவு கஷ்டப்பட்டு அரைச்சுப்போட்டு, பிறகு ஏன் அதுக்கு மன்னிப்புக் கேக்கிறம்?" என்பாள். அவளுடைய தம்பி வடக்கிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் ஐஸ் பெட்டியில் ஏரி மீன் கொண்டுவருவான். எனக்கும் ஒரு பங்கு வரும். முதல் தடவை நான் புளிவிட்டு, கறித்தூள்போட்டுக் குழம்பு வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டு, கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டு, "மீனை ஏன் இப்பிடி ஒளிச்சு வைச்சிருக்கிறாய்? அது என்ன பிழை செய்தது?" என்று கேட்டாள். ஆனால் பாத்திரத்தை வழித்துத்தான் திருப்பித் தந்தாள். அடுத்த முறை தூள் கேட்டு வாங்கினாள்.

மலையைப் பற்றி அவள் முதலில் சொன்னது தேநீர் இடைவேளையில். அவர்களுடைய ஏரியின் மறுகரையில் ஒரு கல்மலை இருக்கிறதாம். அவர்களின் பழைய ஆட்கள் அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். வயதுக்கு வரும் காலத்தில் பிள்ளைகள் அங்கே தனியே போய், சாப்பிடாமல் சில நாட்கள் இருந்துவிட்டு வருவார்கள். அவளும் இருந்திருக்கிறாள்.

"அங்க என்ன கண்டனீ?"

"அதைச் சொல்லுறேல்லை."

"மலைக்குப் பேர் என்ன?"

"பேர் இருக்குது. ஆனா இஞ்ச சொல்ல மாட்டன். இஞ்ச மெஷின் சத்தம்" என்றாள்.

பிறகு, ஒரு சுரங்க நிறுவனம் அந்த மலையைச் சுற்றியுள்ள நிலத்தைத் தன்னுடைய பெயரில் பதிந்திருக்கிறது என்றாள். முந்திய காலத்தில் ஆட்கள் வந்து நிலத்தில் கட்டை அடித்து அடையாளம் வைப்பார்களாம். அப்போதாவது முகத்தைப் பார்க்கலாம். "இப்ப இந்த ரொறன்ரோவில ஒருத்தன் கதிரையில இருந்து கொம்பியூட்டர் வரைபடத்தில ஒரு சதுரத்தை அமத்தினாச் சரி. என்ர அப்பாவின்ர அப்பா அந்தச் சதுரத்துக்குள்ள கிடக்கிறார்."

எங்கள் ஊரையும் இராணுவம் முள்வேலி போட்டு அடைத்து வைத்திருந்தது என்று சொன்னேன்.

"திருப்பித் தந்தவையோ?"

"கொஞ்சம்."

"கொஞ்சம் எண்டா?"

"வீடு இல்லை. கிணறு இருந்தது."

அவள் தன் பிஸ்கட்டில் பாதியை உடைத்து என் பக்கம் தள்ளினாள். இடைவேளை முடிந்துவிட்டது.

அந்த வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். அப்போது நாங்கள் மார்க்கம் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தொடர்மாடியில் இருந்தோம். இவர் பார்சல் வான் ஓடிக்கொண்டிருந்தார். இவர் என்று நான் எழுதுவது என் கணவரை. யார் வந்தாலும் கதை கொடுக்காமல் இருக்கமாட்டார். அவள் வடக்கே எந்தப் பக்கம் என்று விசாரித்தார். அவள் ஊரைச் சொன்னதும் இவருடைய முகம் மலர்ந்துவிட்டது.

"அட, உங்கட பக்கம் எனக்கும் ஒரு பங்கு இருக்குதே!"

எனக்கே அது புதினமாக இருந்தது. ஸ்ரௌவ்வில்லில் யாரோ ஒருவருடைய வீடு குடிபூரலில், "அண்ணை, இனி நிக்கல்தான். கரண்டில ஓடுற காருக்கெல்லாம் அதுதான் வேணும்" என்று ஒரு தெரிந்தவர் சொல்லியிருக்கிறார். இவரும் எனக்குச் சொல்லாமல் ஒரு சின்ன நிறுவனத்தில் கொஞ்சம் ஷெயர் வாங்கி வைத்திருக்கிறார். நிறுவனத்தின் பெயரைப் பெருமையாகச் சொன்னார்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எங்கட ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லுமலை இருக்குது. அதைத்தான் உங்கட கொம்பனி துளைச்சுப் பாக்கப்போகுது."

"அப்பிடியோ? அப்ப நல்லது" என்றார் இவர்.

மேசைக்குக் கீழே நான் காலால் இடித்தேன். இவருக்கு உறைக்கவில்லை.

"அங்கதான் என்ர ஆக்கள் இருக்கினம்" என்றாள் அவள்.

"உங்கட வீடும் அங்கயோ?"

"வீடில்லை. செத்த ஆக்கள்."

இவர் என்னைப் பார்த்தார். நான் சோற்றுச் சட்டியைப் பார்த்தேன். கடைசியில் அவளே சிரித்துவிட்டாள். "அப்ப நீங்கள்தான் என்ர மலைக்குச் சொந்தக்காரர். வாடகை கேக்காதையுங்கோ" என்று சொல்லி, கத்தரிக்காய்ப் பிரட்டலை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள். இவரால் அதற்குப் பிறகு சாப்பிட முடியவில்லை. அவளைக் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "இஞ்சேரும், நாளைக்கே எல்லாத்தையும் வித்துப்போடுறன்" என்றார்.

அதை மறுநாள் சமையலறையில் அவளுக்குச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த தண்ணீர்க் குழாயை நிறுத்தினாள்.

"விக்கவேண்டாம் எண்டு சொல்லு. அவர் வித்தா இன்னொருத்தன் வாங்குவான். எனக்கு அவரிட்ட வேற ஒரு அலுவல் இருக்குது."

அலுவல் இதுதான். கோடை தொடங்கும்போது நிறுவனத்தின் பங்குதாரர் கூட்டம் ரொறன்ரோ நகரின் நடுவில் ஒரு கட்டடத்தில் நடக்கப்போகிறது. அவளுடைய ஊர் ஆட்கள் பேருந்து பிடித்து வந்து வெளியே நிற்கப்போகிறார்கள். முன்பும் வந்து நின்றிருக்கிறார்கள். உள்ளே போக விடமாட்டார்கள், பங்கு உள்ளவர்கள் மட்டும்தான் போகலாம். ஆனால் பங்கு உள்ளவர் தனக்குப் பதிலாக இன்னோர் ஆளை அனுப்பலாம்.

இவர் இரவும் பகலும் யோசித்தார். தொலைபேசியில் தெரிந்தவர்களைக் கேட்டார். "ஏன் அண்ணை தேவையில்லாத வேலை? இந்த நாட்டில வந்து இருக்கிறம், அவையின்ர பிரச்சினை அவைக்கு" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அடுத்தநாள் காலையில் வங்கிக்குத் தொலைபேசி எடுத்து, காத்திருக்க வைக்கும் இசையைக் கேட்டுக்கொண்டு வெகுநேரம் பொறுத்திருந்து, யார் யாரிடமோ மாற்றப்பட்டு, கடைசியில் அலுவலை முடித்துவிட்டார். வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "வங்கியில கதைச்ச பிள்ளை கேட்டுது, உவ உங்களுக்கு என்ன உறவெண்டு. நான் சொன்னன், மலைக்காரி எண்டு."

கூட்டத்தன்று நானும் லீவு எடுத்தேன். எங்கள் ஆட்களின் கடையொன்றில் இரண்டு பெரிய தட்டு ரோல்ஸுக்குச் சொல்லிவைத்து, ஒன்றில் ஆட்டிறைச்சி, ஒன்றில் மரக்கறி என்று வாங்கிக்கொண்டு, வீட்டிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்கில் தேநீரும் கொண்டுபோனோம். அவளுடைய ஊர் ஆட்கள் ஒரு மஞ்சள் பள்ளிக்கூட பஸ்ஸில் இரவிரவாக வந்திருந்தார்கள். நடைபாதையில் நின்று முழவு அடித்தார்கள். அந்தச் சத்தம் கண்ணாடிக் கட்டடங்களில் பட்டுத் திரும்பியது. கோட்டும் சூட்டும் போட்டவர்கள் கோப்பியோடு விலகி விலகிப் போனார்கள். சிலர் நின்று படம் எடுத்தார்கள்.

அவள் அன்று பாவாடை கட்டியிருந்தாள். கீழ்ப்பக்கம் சிவப்பும் மஞ்சளுமாக நாடாக்கள் வரிவரியாகத் தைத்த பாவாடை. அவ்வளவு காலமும் அவளைத் முடிவலை போட்ட தலையோடும் ஏப்ரனோடும்தான் கண்டிருந்தேன். "எப்பிடி இருக்கிறன்?" என்று கேட்டாள். நல்ல வடிவு என்றேன். பாவாடையைத் தட்டி நேராக்கினாள். பிறகு சுழல்கதவுக்குள் போய் மறைந்துவிட்டாள்.

நாங்கள் வெளியே காத்து நின்றோம். நான் ரோல்ஸ் பரிமாறினேன். காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் ஒருவருக்கும் கொடுத்தேன். அவர் முதலில் வேண்டாம் என்று கையைக் காட்டி, பிறகு எடுத்தார். இவர் தொப்பியை நெற்றிவரை இழுத்து விட்டுக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார். நம்முடைய ஆட்கள் யாராவது கண்டுவிடுவார்களோ என்று பயம். பயந்தபடியே நடந்தது. எங்களுக்குத் தெரிந்த ஒருவரின் மகள், அந்தக் கட்டடத்தில் வேலை செய்பவள், கழுத்தில் அடையாள அட்டையோடு வெளியே வந்தவள், இவரைக் கண்டு நின்றுவிட்டாள்.

"அங்கிள்? ஓ மை கோட், வட் ஆர் யூ டூயிங் ஹியர்? நீங்களும் இந்த புரொட்டெஸ்ட்டோ?"

இவர் தொப்பியைக் கழற்றினார். நிமிர்ந்து நின்றார்.

"ஓம் பிள்ளை. நான் ஷெயர் ஹோல்டர்" என்றார்.

அந்தப் பிள்ளை எங்கள் இருவரையும், முழவு அடிப்பவர்களையும், என் கையிலிருந்த தட்டையும் மாறிமாறிப் பார்த்தாள். "அன்ரி, இதில வெஜ் எது?" என்று கேட்டு ஒன்று எடுத்துக்கொண்டு, சாப்பிட்டு முடியும்வரை எங்களோடு நின்றாள்.

சிநேகிதி வெளியே வந்தபோது முழவு நின்றது. அவள் தன் ஆட்களின் நடுவில் போய்த் தன் மொழியில் நடந்ததைச் சொன்னாள். கொஞ்சம் சொன்னதும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு அவள் குரல் தாழ்ந்தது. சிரிப்பும் அடங்கியது. ஒரு வயதானவர் தொப்பியால் முகத்தைத் துடைத்தார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. திரும்பிப் போகும்போது காரில்தான் எங்களுக்குச் சொன்னாள்.

உள்ளே பெரிய மண்டபம் ஒன்றும் இல்லையாம். எங்கள் வேலையிடத்துச் சாப்பாட்டு அறை மாதிரி ஓர் அறை, கோப்பி, மஃபின், இருபது பேர்கூட இல்லை. எல்லாவற்றையும் ஒருவர் வேகமாக வாசிக்க, மற்றவர்கள் வாக்குக்குக் கைகளை உயர்த்தி, முடித்துவிட்டார்கள். கேள்வி இருக்கிறதா என்றபோது அவள் எழுந்தாள். தலைவர் அவளுடைய ஏரியின் பெயரைச் சொன்னவிதம் தொண்டையில் முள் சிக்கியவர் மாதிரி இருந்ததாம். அதற்குத்தான் எல்லோரும் சிரித்தது.

"நீ என்ன கேட்டனீ?" என்றேன்.

"கேள்வி கேக்கேல்லை. முதல்ல மலையின்ர பேரைச் சொன்னன். அங்க மெஷின் சத்தம் இல்லை. பிறகு அங்க படுத்திருக்கிற ஆக்களின்ர பேர் எனக்குத் தெரிஞ்ச அளவு சொன்னன். அதுக்கே அவை தந்த நேரம் முடிஞ்சுபோச்சு. பிறகு அந்தாளிட்டச் சொன்னன், நீ வா, வள்ளத்தில கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன், ஏற விடமாட்டன், தூரத்தில நிண்டு பாக்கலாம் எண்டு."

"அவர் என்ன சொன்னவர்?"

"நன்றி எண்டார். அடுத்த கேள்வி எண்டார்." பாவாடையில் ஒட்டியிருந்த துகளைத் தட்டினாள். "மஃபின் நல்லாயிருந்தது. ரெண்டு சாப்பிட்டன்."

இவர் ஓட்டிக்கொண்டிருந்தார். நெடுஞ்சாலையில் வழக்கம்போல வாகன நெரிசல். கண்ணாடியில் அவளைப் பார்த்துப் பார்த்து வந்தவர், கடைசியில், "அந்தப் பேரை எனக்கும் ஒருக்கா சொல்லுறீங்களோ?" என்று கேட்டார். அவள் சொன்னாள். நீண்ட பெயர். இவர் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், பிழைத்தது. அவள் திருத்தினாள். எங்கள் தொடர்மாடி வாசலுக்கு வருமட்டும் இருவரும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுத அவள் அனுமதி தரவில்லை, நான் கேட்கவும் இல்லை.

பனிக்காலத்தில் ஏரி உறைந்ததும் இயந்திரங்கள் பனிக்கு மேலால் வரப்போகின்றன என்று செய்தி வந்தது. அவளுடைய ஆட்கள் அந்த வழியில் கூடாரம் அடித்து, நெருப்பு மூட்டி, முறைவைத்துக் காவல் இருக்கத் தொடங்கினார்கள். அங்கே போவதற்காக அவள் வேலையை விட்டாள். மேற்பார்வையாளர் கேக் வெட்டினார். இல்லத்தின் வயதானவர்கள் சிலர் சக்கர நாற்காலியில் சமையலறை வாசல்வரை வந்து அவளுடைய கையைப் பிடித்தார்கள். அரைத்த கரட்டில் நான் அவளுக்கு ஒரு மலை செய்து தட்டில் வைத்துக் கொடுத்தேன். அவள் சிரித்தாள், பிறகு அழுதாள். நான் அழவேண்டாம் என்று எண்ணியிருந்தேன், நடக்கவில்லை.

தம்பி ஒரு பிக்கப் லொறியில் வந்து கூட்டிப்போனான். இவர் தன் குளிர்ச் சப்பாத்தை, வான் ஓட வாங்கிய நல்ல கனமான சப்பாத்தை, அவனுக்குக் கொடுத்தார். நான் ஒரு போத்தல் நிறையக் கறித்தூள் கொடுத்தேன். லொறி திரும்பும் இடத்தில் அவள் யன்னலைத் திறந்து கையைக் காட்டினாள். அந்தக் குளிரில் அதை மூடாமலே போனாள்.

அவளுக்குப் பிறகு என் பக்கத்தில் ஒரு மாணவன் வந்து நின்றான். நல்ல பிள்ளை. காதில் எந்நேரமும் பாட்டு. எனக்கு அந்தச் சமையலறை அன்றைக்குத்தான் உண்மையில் இரைச்சலாக இருந்தது.

அந்தப் பனிக்காலம் முழுவதும் இவர் வானிலை பார்த்தார். ரொறன்ரோவின் வானிலையை அல்ல, அவளுடைய ஊரினதை. "இண்டைக்கு அங்க மைனஸ் முப்பதுக்கும் மேல. நெருப்பு எரியுமோ தெரியேல்லை" என்று காலையில் சொல்லிக்கொண்டே வேலைக்குப் போவார். பங்கின் விலை விழுந்தது. ஸ்ரௌவ்வில்லில் யோசனை சொன்னவர் தொலைபேசியில் வந்து, "அண்ணை, உங்களாலதான் விழுந்ததெண்டு ஆக்கள் கதைக்கினம்" என்றார் பகிடியாக. இவருக்கு அது பகிடியாகப் படவில்லை. அன்று மாலை நல்ல சந்தோஷமாக இருந்தார்.

பனி இளகத் தொடங்கும் காலத்தில் அவள் அழைத்தாள். பின்னால் நாய் குரைத்தது, யாரோ விறகு கொத்தினார்கள்.

"மெஷின் கரைவரைக்கும் வந்தது. ஒரு கிழமை நிண்டுது. பிறகு ஏத்திக்கொண்டு போயிட்டினம். இப்ப அந்தப் பக்கம் வேலை செய்யேல்லை எண்டு கொம்பனி சொல்லுது."

"அப்ப முடிஞ்சுதோ?"

"இல்லை. அந்தச் சதுரம் இன்னும் வரைபடத்தில அவையின்ர பேரிலதான் கிடக்குது. ஆனா இந்த வருசம் பிள்ளையள் மலைக்குப் போவினம்."

விலையா, பனியா, கூடாரமா, அவள் அந்த அறையில் சொன்ன பெயர்களா, எது அவர்களைத் திருப்பி அனுப்பியது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான் கேட்டதற்கு அவளும் தெரியாது என்றாள். கூடாரத்தை அவர்கள் கழற்றவில்லையாம்.

போன இலையுதிர் காலத்தில் கண் வைத்தியத்துக்கு ரொறன்ரோ வந்தவள், விட்பிக்கும் வந்து எங்களோடு இரண்டு நாள் நின்றாள். தலைமுடி முழுக்க வெள்ளையாகிவிட்டது. இரண்டாம் நாள் பின்னேரம் அவளை நடக்கக் கூட்டிப்போனோம். எங்கள் பகுதியில் நடக்கப் போவதென்றால் மழைத்தண்ணீர் தேங்க வெட்டிய குளத்தைச் சுற்றி வருவதுதான். ஒரேமாதிரி வீடுகள், ஒரேமாதிரி கராஜ் கதவுகள், நட்டு இரண்டு மூன்று வருடமான மெல்லிய மரங்கள்.

"இது முதல்ல என்ன இடம்?" என்று கேட்டாள்.

"சோளக்காணி எண்டு சொல்லுகினம்" என்றார் இவர்.

"அதுக்கு முதல்?"

இவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. வீடு வாங்கும்போது கூரை, அடித்தளம், பள்ளிக்கூடம், ரயில் நிலையம் எல்லாம் விசாரித்த நாங்கள் அதை விசாரிக்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து அவளையே கேட்டேன்.

"எனக்கென்னெண்டு தெரியும்? இது என்ர ஆக்களின்ர இடமில்லை. வேற ஆக்கள்" என்றாள். "ஆனா கேக்கலாம். அந்த ஆக்களில எனக்கு ஒருத்தியைத் தெரியும்."

அங்கேயே நின்று கைத்தொலைபேசியை எடுத்து அழைத்தாள். மறுபக்கம் பெண் குரல். ஆங்கிலத்தில் தொடங்கிய பேச்சு சுகம் விசாரிப்பதில் நீண்டு, வேறெங்கோ போய், அவள் பெரிதாகச் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். குளத்தில் வாத்துக்கள் தெற்கே போக ஆயத்தமாகி ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன. காற்று குளிர்ந்துவிட்டது. இவர் அவளுக்கு ஒரு ஜாக்கெட் எடுத்துவர வீட்டுக்கு நடந்தார். நான் அவளுக்குப் பக்கத்தில், அவள் கேட்டு முடிப்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.